மார்கோனியின் சிக்னலுக்குள் புகுந்த மேஜிக் நிபுணர்: 1903-ல் நடந்த ஊடுருவல் உங்கள் வீட்டு வைஃபைக்குச் சொல்வது என்ன?

பூட்டு பற்றி திண்டுக்கல்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்கு புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் நாகல் நகரில் ஒரு வீட்டு வாசலில் எவ்வளவு பெரிய மாங்காய்ப் பூட்டு தொங்கினாலும், உள்ளே இருக்கும் வைஃபை ரூட்டரின் சிக்னல் சுவரைத் தாண்டி தெருவுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும். பக்கத்து வீட்டு மாடியில் இருப்பவர், எதிர்க் கடைக்காரர், வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு நிற்பவர் என எல்லோருடைய போனிலும் உங்கள் வைஃபை பெயர் வரும்.

இந்தச் சிக்கல் வைஃபையோடு பிறந்தது இல்லை. இதற்கு வயது 120-க்கும் மேல். உலகம் பார்க்க இதில் மாட்டிக்கொண்டவர், கம்பியில்லாத் தந்தியை உலகத்துக்குக் கொண்டு வந்த குக்லியெல்மோ மார்கோனி. அவர் வாழ்க்கையைப் பார்த்தால், நம்ம ரூட்டரில் எது உண்மையான பூட்டு, எது பூட்டு மாதிரி தெரிவது மட்டும் என்பது புரியும்.

யார் இந்த மார்கோனி?

1874 ஏப்ரல் 25 அன்று இத்தாலியின் போலோன்யா நகரில் பிறந்தவர். அப்பா ஜுசெப்பே மார்கோனி வசதியான நிலக்கிழார். அம்மா ஆனி ஜேம்சன், அயர்லாந்தின் புகழ்பெற்ற ஜேம்சன் விஸ்கி குடும்பத்தைச் சேர்ந்தவர். மார்கோனி பல்கலைக்கழகத்தில் முறையாகச் சேர்ந்து படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை. வீட்டில் வைத்து பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பகுதியில் இருந்த இயற்பியல் பேராசிரியர் அகுஸ்தோ ரீகியின் ஆய்வுகள் அவருக்கு வழிகாட்டின.

மின்காந்த அலைகள் உண்மையிலேயே இருக்கின்றன என்று சோதனையில் நிரூபித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1894 தொடக்கத்தில் இறந்தார். அவரைப் பற்றி அப்போது வந்த கட்டுரைகளைப் படித்த 20 வயது மார்கோனிக்கு ஒரு யோசனை வந்தது. இந்த அலையை வைத்து கம்பியே இல்லாமல் தந்தி அனுப்பினால் என்ன?

பொன்டெக்கியோ என்ற ஊரில் இருந்த குடும்ப வீட்டின் மேல்மாடியில் சோதனை தொடங்கியது. ஆண்டெனாவை உயரமாகத் தூக்கி, ஒரு முனையைத் தரையில் இணைத்தபோது சிக்னல் போகும் தூரம் சட்டென்று கூடியது. 1895-ல் ஒரு மேட்டைத் தாண்டி சுமார் 2 கிலோமீட்டர் வரை சிக்னல் போனது. மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணன், சிக்னல் வந்துவிட்டது என்பதைத் துப்பாக்கியால் சுட்டுத் தெரிவித்தார் என்று சொல்வார்கள்.

அலை மேட்டைத் தாண்டியது மார்கோனிக்கு வெற்றி. ஆனால் மேட்டைத் தாண்டும் அலை, வேண்டாதவர் வீட்டுச் சுவரையும் தாண்டும். அது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

லண்டனில் தொடங்கிய வியாபாரம்

1896-ல் அம்மாவோடு லண்டன் போனார் மார்கோனி. அம்மா வழி உறவினர் ஹென்றி ஜேம்சன் டேவிஸ் உதவினார். அதே ஆண்டு ஜூன் 2 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பிரிட்டிஷ் தபால் துறையின் தலைமைப் பொறியாளர் வில்லியம் ப்ரீஸ் அவரை ஆதரித்தார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1897 மே மாதம் பிரிஸ்டல் கால்வாயில் கடல் மீது சுமார் 6 கிலோமீட்டர் தூரம் செய்தி போனது. அதே ஆண்டு ஜூலையில் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1899-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 1901 டிசம்பர் 12 அன்று, கனடா பக்கம் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு காற்றாடியில் ஆண்டெனா கம்பியைக் கட்டிப் பறக்கவிட்டு, இங்கிலாந்தின் போல்டு நிலையத்திலிருந்து வந்த சிக்னலைக் கேட்டதாக அறிவித்தார். மோர்ஸ் குறியீட்டில் மூன்று புள்ளிகள், அவ்வளவுதான். அந்தப் பகல் நேரத்தில் அந்த அலைநீளத்தில் அது உண்மையிலேயே கேட்டிருக்க முடியுமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

இதில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. அன்று மார்கோனி பயன்படுத்தியது, சிக்னலைக் கண்டறியும் ஒரு பாதரசக் கருவி. அந்த வகைக் கருவியை கொல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ் 1899-லேயே லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கியிருந்தார். காப்புரிமையில் போஸுக்கு ஆர்வம் குறைவு. மார்கோனியோ காப்புரிமையை வைத்தே கோட்டை கட்டியவர்.

டியூனிங் என்பது பூட்டா?

கம்பியில்லாத் தந்தியைப் பார்த்து வியந்தவர்கள் உடனே ஒரு கேள்வியும் கேட்டார்கள். காற்றில் போகிற செய்தியை யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்க முடியாதா? கடற்படைக்கும் வங்கிகளுக்கும் செய்தித்தாள்களுக்கும் இது பெரிய கவலை.

மார்கோனி கொடுத்த பதில், டியூனிங். 1900 ஏப்ரலில் அவர் விண்ணப்பித்த 7777 எண் கொண்ட காப்புரிமை இதைப் பற்றியதுதான். அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒரே அலைவரிசையில் இருக்கும். மற்றவர்களின் கருவிக்கு அது எடுக்காது. அதனால் செய்தி பத்திரம் என்பது அவர் தரப்பு வாதம்.

இதில் எங்கே ஓட்டை? நம்ம ஊர் உதாரணமே போதும். கோடை பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. கொடைக்கானல் மலையிலிருந்து வரும் அந்த அலை கீழே சமவெளி முழுக்க விழுகிறது. ரேடியோவை 100.5-ல் வைத்தால் பாட்டு வரும். வேறு எண்ணில் வைத்தால் வராது. அதற்காக 100.5 என்பது பூட்டு ஆகிவிடுமா? முள்ளைத் திருப்பத் தெரிந்த யாருக்கும் பாட்டு கேட்கும். டியூனிங் என்பது வீட்டு விலாசம் மாதிரி. விலாசம் தெரியாதவர் வர மாட்டார். தெரிந்துகொண்டால் நேராக வந்துவிடுவார்.

இதைச் செய்து காட்ட ஒருவர் கிளம்பினார். அவர் விஞ்ஞானி இல்லை, மேஜிக் நிபுணர்.

யார் இந்த மாஸ்கலின்?

நெவில் மாஸ்கலின், லண்டனின் பிரபல மேஜிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கம்பியில்லாத் தந்தியைத் தானாகவே கற்றுக்கொண்டு, மனதில் இருப்பதைச் சொல்லும் வித்தைகளில் அதை ரகசியமாகப் பயன்படுத்தியவர். இந்தத் தொழிலில் இறங்கப் பார்த்தபோது, மார்கோனியின் காப்புரிமைகள் எல்லாப் பக்கமும் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. அந்தக் கோபம் அவருக்கு இருந்தது.

அவரை ஈஸ்டர்ன் டெலிகிராஃப் கம்பெனி வேலைக்கு அமர்த்தியது. கடலுக்கடியில் கேபிள் போட்டு உலகம் முழுக்கத் தந்தி நடத்திய நிறுவனம் அது. 1870-லேயே பிரிட்டனையும் பம்பாயையும் இணைத்த கேபிள் வழி இங்கிலாந்தின் போர்த்கர்னோ கடற்கரையில்தான் கரையேறியது. கம்பியே வேண்டாம் என்று ஒருவர் வந்தால் அவர்களின் வியாபாரம் என்ன ஆவது?

போல்டு நிலையத்துக்கு அதிக தூரமில்லாத போர்த்கர்னோவில் ஓர் உயரமான கம்பத்தை நட்டு மாஸ்கலின் கேட்கத் தொடங்கினார். கப்பல்களுக்கு மார்கோனி நிறுவனம் அனுப்பிய செய்திகள் அவருக்குச் சிரமமில்லாமல் கிடைத்தன. 1902 நவம்பரில் அதை ஒரு தொழில்நுட்ப இதழில் வெளியிட்டார். மார்கோனி தரப்பு அசரவில்லை.

1903 ஜூன் 4: அரங்கத்தில் நடந்தது என்ன?

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஒரு சொற்பொழிவு. பேசுபவர் மார்கோனியின் ஆலோசகரான பேராசிரியர் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங். மார்கோனி தொலைவில் போல்டு நிலையத்தில் இருந்தார். அங்கிருந்து அவர் அனுப்பும் செய்தி மேடையில் இருக்கும் கருவியில் பதிவாகும். அதுதான் நிகழ்ச்சியின் உச்சம்.

செய்தி வரவேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே கருவி டிக் டிக் என்று அடிக்க ஆரம்பித்தது. ஃபிளெமிங்குக்குக் காது மந்தம். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். மோர்ஸ் தெரிந்த உதவியாளருக்கோ தூக்கிவாரிப் போட்டது. எலிகள் என்று பொருள்படும் ஒரே ஆங்கிலச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. அதற்குப் பின்னால், இத்தாலியிலிருந்து வந்த ஒரு இளைஞர் மக்களை ஏமாற்றுகிறார் என்று கேலி செய்யும் பாட்டு. உண்மையான செய்தி வருவதற்குச் சற்று முன் அது நின்றுவிட்டது. கூட்டத்தில் பலருக்கு நடந்தது தெரியாது.

மாஸ்கலின் லண்டனிலேயே ஒரு கட்டடத்தில் எளிமையான தீப்பொறி டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வைத்து இதைச் செய்திருந்தார். அது துல்லியமான அலைவரிசையில் அனுப்பும் கருவி இல்லை. பல அலைவரிசைகளில் பரவலாக அடிக்கும். பக்கத்தில் இருந்ததால், மேடையில் இருந்த கருவிக்குள் புகுந்துவிட்டது.

ஃபிளெமிங் கொதித்துப்போய் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அறிவியல் மேடையில் நடந்த ரவுடித்தனம் என்று சாடி, ஆளைக் கண்டுபிடிக்க வாசகர்களிடம் உதவி கேட்டார். தேட வேண்டிய அவசியமே வரவில்லை. மாஸ்கலின் தானே முன்வந்து ஒப்புக்கொண்டார். மற்ற சிக்னல்கள் குறுக்கிடாது என்று சொன்னார்கள், அது உண்மையா என்று பொதுமக்கள் சார்பில் சோதித்தேன் என்பது அவர் வாதம். உலகின் முதல் வயர்லெஸ் ஹேக்கிங் என்று இதைத்தான் இப்போது சொல்கிறார்கள்.

மாஸ்கலினுக்குப் பின்னால் போட்டி நிறுவனம் இருந்தது உண்மை. ஆனால் அவர் சொன்ன விஷயமும் உண்மை. அலைவரிசையை மாற்றுவதால் மட்டும் செய்தி ரகசியமாகிவிடாது.

நோபல் பரிசும் டைட்டானிக்கும்

அந்த அவமானம் மார்கோனியின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை. கப்பல் நிறுவனங்கள் அவர் கருவிகளை வாங்கின. கருவியை இயக்கும் ஆட்களையும் மார்கோனி நிறுவனமே அனுப்பியது. வேறு நிறுவனத்தின் கருவி உள்ள கப்பல்களோடு பேசக்கூடாது என்றும் அந்த நிறுவனம் கட்டுப்பாடு வைத்திருந்தது. 1906-ல் பெர்லினில் நடந்த சர்வதேச மாநாடு, எந்த நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும் கப்பலும் கரையும் பேசியே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தது.

1909-ல் ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் பிரவுனோடு சேர்ந்து இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது உதவி கேட்டுச் செய்தி அனுப்பிய இருவரும் மார்கோனி நிறுவனத்தின் ஊழியர்கள். அந்தச் செய்தியைக் கேட்டு வந்த கப்பலால் 700-க்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள்.

ஆனால் அதே நாட்களில் காற்றில் ஒரே குழப்பம். யார் வேண்டுமானாலும் எந்த அலைவரிசையிலும் புகுந்து பேசினார்கள். எல்லோரும் பத்திரம் என்ற தவறான தகவல்கூட செய்தித்தாள்களில் வந்தது. அந்த ஆண்டே அமெரிக்கா, டிரான்ஸ்மிட்டர் இயக்க லைசென்ஸ் கட்டாயம் என்று சட்டம் போட்டது.

1914 ஆகஸ்டில் இன்னும் கடுமையான பாடம் கிடைத்தது. முதல் உலகப் போரின் தொடக்கத்தில், டானன்பர்க் போரில் ரஷ்யப் படைகள் சில உத்தரவுகளைச் சங்கேத மொழியில் மாற்றாமல் அப்படியே வயர்லெஸ்ஸில் அனுப்பின. ஜெர்மானியர்கள் அதைக் கேட்டு, எதிரி எங்கே போகிறான் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டார்கள். ரஷ்யாவின் ஒரு படையே சிதைந்தது. பாஸ்வேர்டு இல்லாத வைஃபைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

குறையே வரமாக மாறியது

யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது தந்திக்குக் குறை. ஒலிபரப்புக்கு அதுதான் உயிர். 1920-ல் இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டில் மார்கோனி நிறுவனத்திலிருந்து பாடகி நெல்லி மெல்பாவின் கச்சேரி ஒலிபரப்பானது. 1922-ல் பிபிசியைத் தொடங்கிய நிறுவனங்களில் மார்கோனியின் நிறுவனமும் ஒன்று. சென்னையில் 1924-லேயே மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது.

கேட்பதற்கும் அரசு வேலி போட்டது. 1933-ல் வந்த இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் ரேடியோப் பெட்டி வைத்திருப்பதே குற்றம். தபால் ஆபீஸில் பணம் கட்டி ரேடியோ லைசென்ஸ் வாங்கியது நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 1980-களில்தான் அது போனது.

மார்கோனி அடுத்து சிற்றலைக்கு மாறினார். அலையை எல்லாத் திசையிலும் சிதறவிடாமல் ஒரே பக்கமாக அனுப்பும் பீம் முறையில் 1927-ல் பிரிட்டனும் இந்தியாவும் இணைந்தன. கேபிளைவிட இது மலிவு. கேபிள் நிறுவனங்கள் தடுமாறின. கடைசியில் பிரிட்டிஷ் அரசு இரண்டு தரப்பையும் ஒரே குடையின் கீழ் கொண்டு வந்தது. ஒரு காலத்தில் மாஸ்கலினை அனுப்பிய ஈஸ்டர்ன் டெலிகிராஃபும் மார்கோனியின் தந்தித் தொழிலும் 1929-ல் ஒரே நிறுவனத்துக்குள் வந்து சேர்ந்தன.

கறையும் முடிவும்

மார்கோனியின் கடைசிக் காலத்தை மறைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேச முடியாது. 1923-ல் முசோலினியின் பாசிசக் கட்சியில் சேர்ந்தார். அந்த ஆட்சியில் 1930-ல் இத்தாலிய ராயல் அகாடமியின் தலைவரானார். யூத அறிஞர்களை அந்த அமைப்புக்குள் விடாமல் ஒதுக்கியதில் அவருக்குப் பங்கு இருந்ததைப் பின்னாளில் கிடைத்த ஆவணங்கள் காட்டின.

1937 ஜூலை 20 அன்று ரோமில் மாரடைப்பால் இறந்தார். பல நாடுகளின் வானொலி நிலையங்கள் அவருக்காக இரண்டு நிமிடம் மௌனம் காத்தன. அதே ஆண்டு நவம்பரில் ஜகதீஷ் சந்திர போஸும் காலமானார். 1943-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், டியூனிங் தொடர்பான மார்கோனியின் அமெரிக்கக் காப்புரிமையின் முக்கியப் பகுதிகள் செல்லாது என்றது. அவருக்கு முன்பே மற்றவர்கள் அதைச் செய்துவிட்டார்கள் என்பது காரணம்.

சரி, இதுக்கும் நம்ம வைஃபைக்கும் என்ன சம்பந்தம்?

வைஃபையும் ரேடியோ அலைதான். பெரும்பாலான வீடுகளில் 2.4 அல்லது 5 கிகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. சுவரால் அதைத் தடுக்க முடியாது. எனவே பூட்டு காற்றில் இல்லை, செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்குப் பெயர் என்கிரிப்ஷன். அலை யாருக்குக் கிடைத்தாலும், சாவி இல்லாமல் அர்த்தம் புரியாதபடி செய்தியைக் கலைத்து அனுப்புவது.

மார்கோனி செய்த அதே தப்பை நாமும் செய்கிறோம். வைஃபை பெயரை மறைத்து வைப்பது, குறிப்பிட்ட போன்களின் மேக் முகவரியை மட்டும் அனுமதிப்பது இரண்டும் டியூனிங் மாதிரிதான். பெயரை மறைத்தாலும், உங்கள் போன் இணையும்போது அது காற்றில் தெரிந்துவிடும். மேக் முகவரியைக் கேட்டு, அதையே போலியாகப் போட்டுக்கொள்ளவும் முடியும்.

1990-களின் கடைசியில் வந்த முதல் வைஃபை பூட்டு டபிள்யூஇபி. 2001-லேயே அதை உடைக்கும் வழியை ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். 2004-ல் வந்த டபிள்யூபிஏ2 இன்றும் பயன்படுகிறது. 2018-ல் டபிள்யூபிஏ3 வந்தது.

டபிள்யூபிஏ2-வில் உங்கள் பாஸ்வேர்டுதான் பூட்டின் பலம். உங்கள் போன் ரூட்டரோடு இணையும் நொடியில் நடக்கும் பரிமாற்றத்தை வெளியே இருக்கும் ஒருவர் பதிவு செய்துகொள்ளலாம். பிறகு அவர் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் பாஸ்வேர்டு பத்து இலக்க மொபைல் நம்பரா? நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள ஒரு கணினிக்கு அது சில மணி நேர வேலை.

யாரோ பயன்படுத்தினால் டேட்டாதானே போகும்?

டேட்டா மட்டும் போவதில்லை. 2008 ஜூலையில் அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்பில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிய போலீஸ், நவி மும்பையில் ஒரு குடியிருப்பின் வைஃபை இணைப்பில் போய் நின்றது. வெளியாட்கள் அந்த இணைப்பைப் பயன்படுத்தியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவரை விசாரணைக்குப் பதில் சொன்னது அங்கே குடியிருந்தவர். 2009-ல் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாக்க இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

1. ரூட்டர் செட்டிங்கில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய போன்கள் இணையவில்லை என்றால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் போதும். டபிள்யூஇபி மட்டும் இருக்கும் ரூட்டரை மாற்றிவிடுங்கள்.

2. பாஸ்வேர்டாக ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து வையுங்கள். போன் நம்பர், குழந்தை பெயர், வண்டி நம்பர் வேண்டாம்.

3. ரூட்டர் செட்டிங்கைத் திறக்கும் அட்மின் பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. கம்பெனி போட்டுத் தந்த அட்மின் பாஸ்வேர்டை அப்படியே விடுவது, கடையில் விற்ற எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்பது மாதிரி.

4. எட்டு இலக்க எண்ணால் இணையும் டபிள்யூபிஎஸ் வசதியை நிறுத்திவிடுங்கள். அந்த எண்ணைச் சுலபமாக ஊகிக்க முடியும் என்பது 2011-லேயே தெரிந்துவிட்டது.

5. விருந்தாளிகளுக்கும் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் கெஸ்ட் நெட்வொர்க் கொடுங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

6. மாதம் ஒருமுறை, இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். அடையாளம் தெரியாத போன் இருந்தால் உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாற்றினாலே எல்லாச் சாதனமும் வெளியே வந்துவிடும்; புது பாஸ்வேர்டு தெரிந்தவர் மட்டும் திரும்ப உள்ளே வர முடியும்.

உங்கள் இணைப்பை யாராவது மோசடிக்குப் பயன்படுத்தியதாகச் சந்தேகம் வந்தால், பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். அனுமதியில்லாமல் அடுத்தவர் நெட்வொர்க்கில் நுழைந்து முறைகேடு செய்வது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின் கீழ் வரும். மூன்று ஆண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆனால் வழக்கு என்று வந்தால் போலீஸ் முதலில் வந்து நிற்பது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில்தான்.